வெள்ள நிவாரணம் வந்துவிட்டது, எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கேள்வி: மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. மூன்று ஏக்கர் சொந்த நிலம், இரண்டு ஏக்கர் கோயில் நிலம் குத்தகைக்கு. ஐந்திலும் சம்பா நட்டிருந்தேன். கார்த்திகை மழையில், பயிர் பொதி கட்டும் நேரத்தில், ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் வடியாமல் அத்தனையும் அழுகிவிட்டது. கொட்டகைச் சுவர் இடிந்து கறவை மாடு ஒன்றும் ஆடு இரண்டும் போய்விட்டன. இப்போது அரசு நிவாரணமாக பயிருக்கு 20,640 ரூபாயும், கால்நடைக்கு 45,500 ரூபாயும் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 90,000, கெடு ஆடி வரை. வங்கியில் நகைக்கடன் 1,20,000, வட்டி 9 சதவீதம், மாசியில் ஒரு வருடம் முடிகிறது. வீட்டில் நகையை மீட்கச் சொல்கிறார்கள். மகன் உடனே ஒரு மாடு வாங்கிவிடலாம் என்கிறான். சங்கச் செயலாளர் பயிர்க்கடனைக் கட்டினால் புதுக்கடன் தருகிறேன் என்கிறார். வெளியிலும் ஒரு 40,000 மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். நான் என்ன செய்வது? குத்தகை நிலத்துக்கு ஏன் பணம் வரவில்லை? பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறேன், அது வருமா? இந்தப் பணத்துக்கெல்லாம் வரி உண்டா?

பதில்: மூன்று பேர் மூன்று பக்கம் இழுக்கிறார்கள், சரி. ஆனால் நான்காவதாக, போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த மூன்று வட்டி, அங்கிருந்துதான் நான் தொடங்குவேன். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் 40,000-க்கு மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. உங்கள் நகைக்கடன் 1,20,000-க்கு 9 சதவீதம் போட்டால் வருடத்துக்கு 10,800. அதாவது நகைக்கடனில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் கடன், நகைக்கடனைவிட அதிகமாக வட்டி தின்கிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒருவேளை வீட்டில் அது தெரியாதோ என்னவோ.

எதை எதற்குச் செலவழிப்பது என்று பார்க்கும் முன், வந்திருப்பது என்ன பணம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பயிருக்கு வந்ததை ஊரில் எல்லோரும் நஷ்டஈடு என்றுதான் சொல்கிறோம். அரசு விதியில் அதன் பெயர் இடுபொருள் மானியம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து (மத்திய அரசு 75 பங்கு, மாநில அரசு 25 பங்கு போடும் நிதி) கொடுக்கப்படுவது. 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிகளில் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 2.47 ஏக்கர். உங்கள் மூன்று ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 20,640 சரியாக வருகிறது. ஏக்கருக்கு 6,880 ரூபாய். நீங்கள் சம்பாவுக்குப் போட்ட செலவில் இது கால் பங்கு இருந்தாலே அதிகம். நஷ்டத்தை ஈடுகட்டுவது இதன் நோக்கமும் அல்ல. அடுத்த பயிருக்கு விதையும் உரமும் வாங்கி மறுபடி வயலில் இறங்கத்தான் இதைக் கொடுக்கிறார்கள். அதற்குத்தான் இதைச் செலவழிக்கவும் வேண்டும்.

மாநில அரசு சில சமயம் இந்த விதியைத் தாண்டியும் கொடுப்பதுண்டு. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழையில் டெல்டா நெல் சாய்ந்தபோது ஹெக்டேருக்கு 20,000 என்று அறிவித்தார்கள். ஆனால் எந்த அறிவிப்பானாலும் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்பதுதான் வாசற்படி. 2015 வரை அது 50 சதவீதமாக இருந்தது. மத்திய விதியில் ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான். அதாவது ஐந்து ஏக்கருக்கு ஒரு சில சென்ட் குறைவு. உங்கள் ஐந்து ஏக்கர் அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது, அதனால் குத்தகை நிலத்துக்கும் பணம் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கால்நடைக்கு வந்தது வேறு மாதிரி. அதே விதிகளில் கறவைப் பசு அல்லது எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 வீதம் இரண்டுக்கு 8,000, ஆக 45,500. உழவு மாடு என்றால் 32,000, கன்றுக்கு 20,000, கோழிக்கு 100. ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை மாடு மூன்று வரை, ஆடு முப்பது வரை என்று உச்சவரம்பும் உண்டு. இந்தப் பணத்துக்கும் அடுத்த பருவ விதைக்கும் தொடர்பில்லை. போன சொத்துக்குப் பதிலாக வந்தது. ஆகவே இதைத்தான் கொஞ்சம் தாராளமாக நகர்த்தலாம்.

என் யோசனை இதுதான். கால்நடைப் பணத்திலிருந்து 40,000-ஐ எடுத்து மூன்று வட்டிக் கடனை அசலோடு முடியுங்கள். புரோநோட்டையோ வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்தையோ கையில் திரும்ப வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள். ‘அப்புறம் தருகிறேன்’ என்பதெல்லாம் வேண்டாம். மாதம் 1,200 ரூபாய் மிச்சம். இவ்வளவு நிச்சயமான லாபம் வேறெந்த முதலீட்டிலும் உங்களுக்குக் கிடைக்காது.

மகனுக்கு இது பிடிக்காது. மாடு வாங்கச் சொல்வதில் தப்பில்லை, ஆனால் நேரம் தப்பு. ஐந்து ஏக்கர் சம்பா அழுகியது என்றால் உங்கள் வைக்கோலும் சேர்ந்தே போயிற்று. உங்கள் ஊரில் எல்லோருக்கும் அதே கதிதான். இந்தக் கோடையில் வைக்கோலை வெளியூரிலிருந்து வாங்கித்தான் போட வேண்டியிருக்கும், விலையும் ஏறியிருக்கும். போதாததற்கு நிவாரணப் பணம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்திருப்பதால் சந்தையில் மாட்டு விலையும் இறங்காது. காசு கொடுத்துத் தீவனம் வாங்கி, கூடுதல் விலைக்கு வாங்கிய மாட்டை வைத்துப் பால் ஊற்றினால் கைக்கு மிஞ்சுவது சொற்பம். கொட்டகைச் சுவரும் இன்னும் எழும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த அறுவடை வைக்கோல் வந்த பிறகு, பால் சங்கம் வழியாகவோ கூட்டுறவு வங்கியிலோ கறவை மாட்டுக் கடன் கேட்டு வாங்கட்டும். மாடு வீட்டுக்கு வந்ததும் கால்நடை மருத்துவரிடம் காதில் வில்லை போட்டுக் காப்பீடும் செய்துவிடுங்கள். தேசியக் கால்நடை இயக்கத்தில் பிரீமியத்தில் உங்கள் பங்கு 15 சதவீதம்தான், மீதியை அரசுகள் கட்டுகின்றன. போன மாட்டுக்குக் காப்பீடு இருந்திருந்தால் அதன் மதிப்புக்கான தொகையைக் கேட்டிருக்கலாம்.

அடுத்து நகை. 1,20,000-ஐ அடைக்க உங்களிடம் பணம் இல்லை. பாதியைக் கட்டி ஒரு செயினை மட்டும் வெளியே எடுக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். 9 சதவீத வட்டி உங்கள் கடன்களில் மிதமானது. மாசியில் வட்டி 10,800-ஐ மட்டும் கட்டிப் புதுப்பித்து வையுங்கள். கெடு தாண்டவிட்டால் அபராத வட்டி, ஏல நோட்டீஸ் என்று போகும், அதை மட்டும் நடக்கவிடாதீர்கள். வட்டி கட்டிய ரசீதோடு புதுக் கடன் அட்டையில் நகையின் எடை பழையபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது கையில் நிற்பது 66,140-இல் 50,800 போக 15,340. இதைத் தொடாதீர்கள். இது உளுந்துக்கு.

தை போவதற்குள் வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தோ பயறோ விதைத்துவிடலாம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு பருவத்தை இழந்தவர்கள் அதே அலுப்பில் அடுத்த பருவத்தையும் தரிசாக விட்டுவிடுவதுண்டு. ஏக்கருக்கு எட்டு முதல் பத்து கிலோ விதை, இந்த முறை நிற்கும் நெல்லுக்குள் விதைக்க வழியில்லாததால் ஒரு சால் உழவு, பூக்கும் சமயத்தில் ஒன்றும் பதினைந்து நாள் கழித்து ஒன்றுமாக 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிப்பு. சொந்த உழைப்பைச் சேர்க்காவிட்டால் ஐந்து ஏக்கருக்கும் இந்தப் பணத்துக்குள் அடக்கிவிடலாம். மானிய விதை இருக்கிறதா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். எழுபது நாளில் கைக்கு வரும் பயிர் இது. ஆடிக்கு முன் உங்களுக்கு வேறு வருமானம் எதுவும் தெரியவில்லை.

சங்கக் கடனைப் பற்றிச் செயலாளர் சொல்வது அவர் பக்கத்திலிருந்து நியாயம்தான், வசூல் காட்ட வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். கூட்டுறவுப் பயிர்க்கடன் கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லை. ஆடி வரை வட்டியில்லாமல் இருக்கும் 90,000-ஐ எதற்காகத் தையில் கட்ட வேண்டும்? இருக்கும் கடன்களில் கடைசியாகக் கட்ட வேண்டியது இதுதான். ஆனால் கெடு நாளைத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் வட்டியில்லாச் சலுகை போய்விடும், தவணை தவறியவர் பட்டியலில் சேர்ந்தால் அடுத்த சம்பாவுக்குக் கடனும் கிடைக்காது.

ஆடிக்குள் முழுதும் கட்ட முடியாது என்று தோன்றினால் இன்றே ஒரு கடிதம் எழுதிச் சங்கத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். இயற்கைச் சீற்றத்தில் பயிர் போனதால் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தர வேண்டும் என்று கேளுங்கள். வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2018-இல் கொடுத்த வழிகாட்டுதலில், பயிர்ச்சேதம் 33 முதல் 50 சதவீதம் என்றால் இரண்டு வருடம் வரையும், 50 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து வருடம் வரையும் தவணையை நீட்டலாம், இரண்டிலும் முதல் ஒரு வருடம் கட்ட வேண்டியதில்லை என்று இருந்தது. பேரிடர் நடந்து மூன்று மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. அதனால்தான் ஆடி வரை காத்திருக்காதீர்கள் என்கிறேன். கூட்டுறவுச் சங்கத்துக்கு இது நேரடியாகப் பொருந்தாது. அங்கே நபார்டும் (தேசிய வேளாண் வங்கி) மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியும் சொல்கிற வழியில்தான் மாற்றுவார்கள். மாற்றிய கடனுக்கு வட்டியில்லாச் சலுகை தொடருமா, எத்தனை சதவீதம் போடுவார்கள் என்பதை எழுத்தில் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். பாதியைக் கெடுவுக்குள் கட்டிவிட்டு மீதியை மட்டும் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

‘தேர்தல் வந்தால் தள்ளுபடி செய்துவிடுவார்கள், கட்டாதே’ என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். 2021-இல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது உண்மை. அதை நம்பி உங்கள் குடும்பக் கணக்கை எழுதாதீர்கள்.

குத்தகை நிலத்துக்கு வருவோம். பயிர்ச்சேதக் கணக்கெடுப்பில் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறை அலுவலரும் அடங்கலை (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவேடு) வைத்துத்தான் பெயர் எழுதுகிறார்கள். அடங்கலில் அந்த இரண்டு ஏக்கருக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய குத்தகைதாரர் பெயரோ, வெறுமனே கோயில் பெயரோ இருந்தால் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. அங்கே 17,000 கணக்கில், 2 ஹெக்டேர் எல்லைக்குள், உங்களுக்கு வர வேண்டியது 13,360 ரூபாய், விட்டுவிடுகிற தொகையல்ல. கோயில் நிர்வாகத்துக்குக் குத்தகை கட்டிய ரசீதுகள், காப்பீடு கட்டியபோது வாங்கிய சாகுபடிச் சான்று, தண்ணீர் நின்ற வயலின் படம், ஆதார், வங்கிப் புத்தக நகல் இவற்றோடு வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். நகரவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள் இருக்கிறது, மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் வேளாண் துறை, வருவாய்த் துறை, கூட்டுறவுத் துறை மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதால் ‘அங்கே போய்க் கேளுங்கள்’ என்று தள்ளிவிட முடியாது. பெயர் சேர்க்கக் கமிஷன் கேட்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிவாரணம் ஏற்ற வேண்டும், ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

மனு கொடுக்கும் முன் இன்னொன்று. நேரடிப் பணம் உங்கள் ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். அது கடன் நிலுவை உள்ள வங்கியாக இருந்தால் வந்த நிவாரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று புகார் சொல்கிறவர்கள் உண்டு. நிலுவை எதுவும் இல்லாத ஒரு சேமிப்புக் கணக்குக்கு ஆதாரை மாற்றிவிடுவது நல்லது. அஞ்சலக வங்கிக் கணக்கு இருந்தாலும் போதும்.

காப்பீட்டைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிவாரணம் வாங்கியதால் காப்பீடு தடைபடாது, இரண்டும் வேறு வேறு கணக்கு. ஆனால் நிவாரணத்துக்கு உங்கள் வயலைப் பார்க்கிறார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் உங்கள் கிராமத்தைப் பார்க்கிறார்கள். ஒரு வருவாய்க் கிராமத்தில் குறைந்தது நான்கு இடத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, வந்த சராசரி மகசூலை முந்தைய ஏழு வருடங்களில் நல்ல ஐந்து வருடங்களை வைத்துப் போட்ட உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். உதாரணத்துக்கு, உத்தரவாதம் ஏக்கருக்கு 2,000 கிலோ, இந்த வருடச் சராசரி 1,400 கிலோ என்று வையுங்கள். குறைவு 30 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 என்றால் எல்லோருக்கும் 10,800 வரும். உங்கள் வயல் முழுதும் அழுகியிருந்தாலும் இதே 10,800, மேட்டில் நன்றாக விளைந்தவருக்கும் இதே 10,800. மேட்டு நிலம் அதிகமுள்ள ஊரில் சராசரி தேறிவிட்டால் பள்ளத்துக்காரருக்கு ஒன்றுமே வராமலும் போகும். பக்கத்து ஊருக்கு வந்து உங்களுக்கு வராததற்கும், அல்லது நேர்மாறாக நடப்பதற்கும், காரணம் இதுதான். அந்தப் பரிசோதனை உங்கள் ஊரில் எந்த வயலில், எந்தத் தேதியில் நடந்தது என்பதை அறிந்தவர்கள் ஊரில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். எடை போடும்போது பக்கத்தில் நின்று பார்க்கவும் வேண்டும்.

நட்ட நெல் தண்ணீரில் மூழ்கியதைத் தனி வயல் பாதிப்பாகக் கணக்கில் எடுப்பதை 2018-இல் நீக்கியிருந்தார்கள். 2026 காரீப் (மழைக்காலச் சாகுபடி) பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. உங்களைப் போன்ற கொள்ளிடக் கரைக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். 14447 என்ற பயிர்க் காப்பீட்டு உதவி எண்ணைப் போனில் இப்போதே பதிந்து வையுங்கள். இந்த வருடக் காப்பீட்டுப் பணத்தைப் பொறுத்தவரை, கணக்கு முடிந்து கைக்கு வர அறுவடைக்குப் பிறகு பல மாதம் ஆகும். அதை மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் நான் சேர்க்கவில்லை. வந்தால் அப்படியே சங்கக் கடனுக்குக் கட்டுங்கள்.

வரி பற்றி ஒன்றும் கவலை வேண்டாம். பேரிடருக்காக அரசு தனிநபருக்குக் கொடுக்கும் தொகைக்கு 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 10(10பிசி) பிரிவே விலக்கு கொடுத்தது. விவசாய வருமானத்துக்கும் வரியில்லை. பால் வருமானம் மட்டும் விவசாய வருமானத்தில் சேராது, வியாபார வருமானம். ஒரு மாட்டுக்கு அது வரி கட்டும் அளவுக்கு வராது. மகன் பெரிய பண்ணையாக வைத்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் மூன்று வேலை: வட்டிக்காரரைப் பார்ப்பது, சங்கத்தில் கடிதம் கொடுப்பது, அடங்கல் நகல் எடுப்பது. அடங்கலில் உங்கள் பெயர் இல்லை என்றால் கோயில் செயல் அலுவலரிடம் நடப்புக் குத்தகைச் சான்றை உடனே எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டாலும் கோப்பு நகராது.